ஓட்டைக்குடை வராத நாட்கள்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் கம்ப்யூட்டரில் குழுவைத் திறந்தால் ஒரே வரிதான் வருகிறது. 'உங்கள் முகவரியிலிருந்து நுழைய அனுமதி இல்லை.' நான் என்ன செய்தேன்? யாரையும் திட்டவில்லை. படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் புலம்புவதற்கென்றே இருக்கிற இடம் அது. அங்கேயும் கதவைச் சாத்தினால் சுவரோடுதான் பேச வேண்டும்.

சுவர் என்றால் இவர்தான், என் வீட்டுக்காரர். பக்கவாதம் வந்ததிலிருந்து நாக்கு குழறுகிறது. ஆரம்பத்தில் பேசிப் பார்த்தார். எனக்குப் புரியவில்லை, திரும்பத் திரும்பக் கேட்டேன். அதோடு வாயை மூடிக்கொண்டார். பேசாதவருக்கு எதற்கு நம்பர் என்று அவர் போனின் சிம்மைக்கூடப் போன வாரம் நிறுத்திவிட்டோம். இப்போது வீட்டு வைஃபையில் இடது கையால் எதையாவது தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பார், பெரும்பாலும் மேட்ச். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடச் சொல்வதில்லை. போட்டதைத் தின்கிறார்.

குழுவில் என் பெயர் அரைத்தூக்கம். எனக்குப் பதில் எழுதுகிறவள் ஓட்டைக்குடை. 'எங்க வீட்லயும் ஒரு ஆள் படுத்தே கெடக்கார். உங்க கஷ்டம் தெரியும்' என்றுதான் ஆரம்பித்தாள். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுவாள். அவள் ஒருத்தி இல்லையென்றால் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டியிருக்க மாட்டேன்.

குழு நடத்துகிறவர்களுக்கு மெயில் போட்டிருக்கிறேன். எப்போது பார்ப்பார்களோ.

மார்ச் 5, புதன்

வெளியூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பியைக் கேட்டேன். "உங்க ஐ.பி. அட்ரஸைத் தடுத்திருப்பாங்கக்கா. அதை மாத்திட்டா போச்சு" என்றான். எப்படி என்று கேட்பதற்குள் மீட்டிங் என்று வைத்துவிட்டான்.

நானே செட்டிங்ஸுக்குள் நுழைந்தேன். 'தானாக' என்று இருந்ததைக் கையால் போடுகிறேன் என்று மாற்றி, ஐ.பி. எண்ணின் கடைசியில் இருந்த 5-ஐ 50 ஆக்கினேன். நெட்டே போய்விட்டது. அச்சகத்துக்குத் திருத்தி அனுப்ப வேண்டிய பக்கங்கள் அப்படியே கிடக்கின்றன. உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா.

மார்ச் 6, வியாழன்

கேட்வே என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நிரப்பினேன். நெட் வந்தது. குழு வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி

நெட் கம்பெனியில் போன் எடுத்த பெண் சிரிக்காமல் கேட்டாள்: "மேடம், உள்ள ரூம் கதவுல நம்பரை மாத்தி எழுதினா வாசல் நம்பர் மாறிடுமா?" நான் மாற்றியது வீட்டுக்குள் கம்ப்யூட்டருக்கு இருக்கும் எண்ணாம். வெளியே தெரிவது வேறு எண், வீட்டுக்கே ஒன்றுதான், அதை அவர்கள்தான் தருவார்களாம். "நெட் பெட்டியைக் கொஞ்ச நேரம் அணைச்சுட்டுப் போடுங்க, சிலசமயம் புதுசு கிடைக்கும். இல்லன்னா ஒரு நாள் முழுக்க அணைச்சு வைங்க."

அணைத்தேன். உடனே அவர் அறையிலிருந்து சத்தம். கட்டில் கம்பியை இடது கையால் தட்டுகிறார். வலிக்கிறதோ என்று ஓடினால், கை நெட் பெட்டி இருக்கும் பக்கம் நீள்கிறது. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "நான் ஒருத்தி பேச ஆளில்லாம கெடந்து தவிக்கிறேன், உங்களுக்கு மேட்ச் கேக்குதா?" என்று கத்திவிட்டேன். கையை மடக்கிக்கொண்டார்.

எண் மாறவில்லை. அவள் சொன்னபடி நாளை முழுக்க அணைத்து வைக்கப் போகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் பெட்டியைப் போட்டேன். எண் மாறியிருக்கிறது. குழுவும் திறந்தது.

கொஞ்ச நேரத்தில் ஓட்டைக்குடையும் வந்துவிட்டாள். 'அரைத்தூக்கம், வந்துட்டீங்களா. என்னையும் தடுத்து வெச்சிருந்தாங்க. நேத்து எங்க வீட்ல நெட்டும் இல்ல.' நமக்கென்று ஒரே கிரகம்தான் போலிருக்கிறது என்று எழுதினேன்.

அவளைத் திரும்பப் பார்த்த சந்தோஷத்தில், இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். காலையில் எழுந்ததும் இவருக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்கப் போவேன், வராமல் இருந்தால் நான் தூங்கலாமே என்று சில நாள் தோன்றுகிறது என்று.

பதில் வர ரொம்ப நேரமானது. 'தோணட்டும். அதனால நீங்க கெட்டவங்க இல்ல. அந்த ஆளுக்கும் அதே தோணும்.'

அழுது தீர்த்தேன். மதியம் இவர் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

மார்ச் 10, திங்கள்

மறுபடியும் அனுமதி இல்லை. சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது.

மார்ச் 11, செவ்வாய்

குழுவிலிருந்து மெயில் வந்திருக்கிறது. 'ஒரே வீட்டு முகவரியிலிருந்து இரண்டு பெயர்கள் எழுதினால் இரண்டும் தானாக நின்றுவிடும். ஒருவரே இரு பெயரில் எழுதுவதைத் தடுக்கும் ஏற்பாடு. அரைத்தூக்கம், ஓட்டைக்குடை - எதை வைத்துக்கொள்கிறீர்கள் என்று சொன்னால் திறந்துவிடுகிறோம்.'

இந்த வீட்டிலிருந்தா? இந்த வீட்ல நானும் அவரும்தானே இருக்கோம். சிம்மை நிறுத்தினப்புறம்தானே அவரும் இந்த வைஃபைக்கு வந்தார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. ஒருத்தியாம் ஒருத்தி. இடது கை, ஒத்தை விரல், அதான் சின்னச் சின்ன வாக்கியம். நேத்து நெட் இல்லைன்னு எழுதினாரே - நான்தானே அணைச்சேன். ஒரு ஆள் படுத்தே கெடக்கார்னு அவரையே சொல்லியிருக்கார்.

அதையும் அவர்கிட்டயே சொல்லியிருக்கேன். மூச்சு வரலைன்னா தூங்கலாமேன்னு. அடுத்த அறையில உக்காந்துகிட்டு.

எனக்குக் கோபமா வருது. வெக்கமாவும் இருக்கு. எது முந்துதுன்னு தெரியலை. மருந்து கொடுக்கப் போனப்ப அவர் முகத்தைப் பார்க்கவே முடியலை.

மார்ச் 12, புதன்

கேட்டுவிட்டேன். "ஓட்டைக்குடை நீங்கதானா?"

கண்ணை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டால் ஆச்சா? நகராமல் நின்றேன். கடைசியில் போனை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக் காட்டினார்.

'இந்த போன்ல நீ ஒரு நாள் குழுவைத் திறந்து மூடாம விட்ட. படிச்சேன். நீ தூங்கறதே இல்லன்னு அப்பதான் தெரிஞ்சுது.'

"அதை எங்கிட்ட நேரா எழுதிக் காட்டியிருந்தா என்னங்க?"

'எங்கிட்ட நீ புலம்ப மாட்டியே.'

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "ஞாயித்துக்கிழமை நான் எழுதினது..." என்று ஆரம்பித்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

மார்ச் 13, வியாழன்

போனைத் தொடவில்லை. போட்டதைத் தின்றார்.

மார்ச் 14, வெள்ளி

இன்றும் தொடவில்லை. ஓட்டைக்குடையையும் நானே கொன்றுவிட்டேனா?

குழுவுக்குப் பதில் போட்டேன். ஓட்டைக்குடை இருக்கட்டும், அரைத்தூக்கத்தை எடுத்துவிடுங்கள் என்று. அங்கேயும் இனி எனக்கு ஆளில்லை.

மார்ச் 16, ஞாயிறு

கம்ப்யூட்டரைத் 'தானாக'வுக்கே மாற்றி, மேசையோடு அவர் அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். பக்கங்களைத் திருத்திக்கொண்டே வாய்விட்டுப் புலம்பினேன். அச்சகக்காரர் திருத்தினதையே திரும்பத் திருத்தச் சொல்வது, முழங்கால் வலி, எட்டிப் பார்க்காத தம்பி, எல்லாம். முதலில் சுவரோடு பேசுகிற மாதிரிதான் இருந்தது. பிறகு அதையும் சொன்னேன், இந்த முறை முகத்தைப் பார்த்து.

"நிஜமாவே தோணிச்சுங்க. இன்னமும் சில நாள் தோணும். ஆனா மூச்சு வருதுன்னு தெரிஞ்சதும் அப்பாடான்னு அப்படியே உக்காந்துடறேன், அது அங்க எழுதலை."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் ஓரத்தில் ஈரம். துடைத்துவிட்டேன், என் கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

மதியம் சூப் ஊட்டினேன். இரண்டு வாய் வாங்கினார். மூன்றாவதுக்கு ஸ்பூனைத் தள்ளிவிட்டுப் போனை எடுத்தார். மெதுவாகத் தட்டி என் பக்கம் திருப்பினார்.

'உப்பே இல்ல.'

எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்து வந்தேன்.