அரசருக்கு மேற்கட்டி பிடித்தேன்

அன்புள்ள நிலோஜினி,

மாமிக்கு என் வணக்கத்தைச் சொல்லு. அவவின் கால்வீக்கம் வற்றியதா? பிள்ளைக்கு இருமல் விட்டதா? மாமாங்கேஸ்வரர் புண்ணியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஐந்நூறு வருடங்களுக்கு முன் அரசர் ஒருவர் ஊருக்குள் வந்த பவனியை, இங்கே சுவிஸில் ஃப்ரிபூர்க்குக்குப் பக்கத்து ஊரில் போன ஞாயிற்றுக்கிழமை நடித்துக் காட்டினார்கள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் பாண் தரும் பேக்கரிக்காரர்தான் அரசர். குதிரையில் வரும் அவருக்கு மேலே பட்டு மேற்கட்டியை நாலு பேர் கம்புகளில் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒருவர் வரவில்லை. நான் பிடிக்கிறேன் என்று முன்னால் போனேன். விழாவை நடத்தும் அம்மா தயங்கினா.

“அந்தக் காலத்தில உங்களைப் போல ஆக்கள் இஞ்ச இருக்கேல்லையே.”

“அந்தக் காலத்து அரசர் பாண் விக்கவும் இல்லைத்தானே,” என்றேன்.

பேக்கரிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். “கம்பை அவரிட்டக் குடுங்கோ.”

கோட்டை வாசலில் வெடி போட்டதும் குதிரை மிரண்டது. மற்ற மூவரும் விலகி ஓடினார்கள். நான் ஒரு கையில் கம்போடு, மறுகையால் கடிவாளத்தை இழுத்து நிறுத்தினேன். மணிக்கட்டில் சின்னச் சுளுக்குத்தான், யோசிக்காதே. பவனி முடிந்ததும் அந்த அம்மா தானே வந்து, “வாற வருசமும் நீங்கள்தான் பிடிக்க வேணும்” என்றா. ஓம் என்றேன்.

பிள்ளையின் பாதத்தைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு கீறி அனுப்பு, சப்பாத்து வாங்க வேண்டும். நீ குரல் பதிவு அனுப்பும்போது இனி அறைக்கதவைச் சாத்தாதே. மாமி பாத்திரம் கழுவுவதும் பிள்ளை சண்டை பிடிப்பதும் எனக்குக் கேட்கட்டும்.

பஸ் வந்துவிட்டது.

உன் சுஜிதன்