தக்காளி கடைசியில்தான்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. என் மணிக்கட்டைத் தவிர இங்கே எல்லாம் சுகம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். கட்டுப் பிரிக்க இன்னும் பத்து நாள் ஆகும் என்கிறார் டாக்டர், அதுவரை சலவைக்கடையில் இஸ்திரிப் பக்கம் போகாமல் துணி மடிக்கிறேன், அதனால் இந்தக் கடிதத்தையும் உன் தங்கைதான் எழுதுகிறாள், கோழிக் கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள். சனிக்கிழமை உங்கள் ஓட்டல் தலைமைச் சமையல்காரர் உன்னை பீன்ஸ் கொட்டை சூப் வைத்துக் காட்டச் சொல்லியிருப்பதை நினைத்தால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியை விட்டு அடுப்புப் பக்கம் வர உனக்கு இதுதான் வழி. போன கடிதத்தில் சொன்ன சூப் முறைப்படியே செய். உப்புப் போட்ட பன்றித்தொடை ஹாம் எலும்பைச் சதையோடு பார்த்து வாங்கு. குளிரில் காதை மூடிக்கொள். என் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு.
அம்மா.

அக்கா, அம்மா சொன்னது அவ்வளவுதான். இந்தத் தனித்தாள் என்னுடையது. அம்மா தூங்குகிறாள், நான் குளியலறையைத் தாழிட்டு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து எழுதுகிறேன், அவள் இருமினாலும் எழுதுவதை நிறுத்திக் காது கொடுக்கிறேன். போன கடிதத்தில் இருக்கும் முறை தப்பு. அம்மா சரியாகத்தான் சொன்னாள், நான் தெரிந்தே மாற்றி எழுதினேன். பீன்ஸ் வேகப் போடும்போதே தக்காளியையும் போடு என்று இருக்கிறதே, அப்படிப் போட்டால் புளிப்பில் பீன்ஸ் வேகவே வேகாது, கல் மாதிரி நிற்கும். ஏன் என்று கேட்பாய். மூன்று வருஷமாக பீன்ஸில் கல் பொறுக்குவது நான், எலும்புக்கு வரிசையில் நிற்பது நான், அடுப்புக்கிட்டப் போனால் மட்டும் தள்ளிப் போடி, உனக்குக் கைப்பக்குவம் கிடையாது, அதெல்லாம் பெரியவளுக்குத்தான் என்பாள். அந்த முறையை நான் முழுசாகக் கேட்டதே உனக்கு எழுதும்போதுதான். அதையும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஜன்னலைப் பார்த்து, அங்கே நீ நிற்கிற மாதிரி, கண்ணே ராஜாத்தி என்று கொஞ்சிக்கொண்டே சொன்னாள். மாற்றி எழுதும்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. தபாலில் போட்ட பிறகுதான், எல்லாரும் பார்க்க அந்தச் சட்டி முன்னால் நிற்கப்போவது நீ என்று உறைத்தது.

இரண்டாம் தடவையும் தப்பாகிவிடக் கூடாது என்று இன்று அம்மா வேலையிலிருந்து வருவதற்குள் நானே வைத்துப் பார்த்தேன். பீன்ஸ் ராத்திரி ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடு. புதுத் தண்ணீரில் பீன்ஸ், எலும்பு, வெங்காயம் மட்டும், சின்னத் தீயில் இரண்டு மணி நேரம். ஒரு பீன்ஸை விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும், தக்காளி அதற்குப் பிறகுதான். எலும்பிலிருந்து சதையை உதிர்த்துப் போடு. ஹாமிலேயே உப்பு இருக்கிறது, ருசி பார்க்காமல் உப்புப் போடாதே. அம்மா ஒரு கிண்ணத்தை அடிவரை வழித்துக் குடித்தாள். பிறகு, பெரியவ வச்சாலும் இப்படித்தான்டி இருக்கும் என்று சொல்லி இன்னொரு கிண்ணம் ஊற்றிக்கொண்டாள். நீ இன்னும் ஒரு தடவைகூட வைக்காத சூப் அக்கா. அதிலும் நீதான் முதல்.

காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் போடுகிறேன், வெள்ளிக்கிழமை கிடைத்துவிடும் என்று தபால்காரர் சொன்னார். வாசித்ததும் கிழித்துவிடு. அம்மாவுக்குத் தெரிந்தால் அடிக்கமாட்டாள், பெரியவ இப்படிச் செய்வாளா என்று கேட்பாள், அதற்குத்தான் பயப்படுகிறேன். நீ தோற்றால் அம்மா அழுவாள், அந்த அழுகையும் உனக்காகவே இருக்கும், அதைப் பக்கத்தில் உட்கார்ந்து என்னால் பார்க்க முடியாது. அதனால் நீ ஜெயிக்க வேண்டும். ஜெயித்தால் பதில் கடிதத்தில், தங்கை எழுதிய முறைப்படிதான் வைத்தேன் என்று ஒரு வரி எழுது. அந்த வரியை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டுவேன்.

உன் தங்கை.