உன் பெயரில் இருந்த டைரக்டரி

நேற்றுப் பகல் பழைய மெயில் சேர்வரைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்தோம் மச்சான். வேலையில் இப்போது இல்லாதவர்களின் டைரக்டரிகளை அழித்துவிட்டு மற்றவற்றைப் புதியதற்கு மாற்றச் சொன்னார் மனேஜர். திரையில் பெயர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். நடுவில் உன் பெயர். மூன்று வருஷமாக நான் தொடாமல் விட்ட பெயர்.

நாம் இரண்டு பேரும் நாவலப்பிட்டியில் ரயிலேறி, கண்டியில் பஸ் பிடித்து, பல்லேகலத் தொழிற்சாலைக்கு வந்த காலத்தை நினைத்துக்கொண்டேன். கொம்பியூட்டர் பிரிவில் இரண்டே கதிரைகள். நீ வேலையில் நிரந்தரமாகிவிட்டாய், எனக்கு நியமனக் கடிதம் வரவில்லை. மெயில் பெட்டி திறப்பது என் வேலை. சேர்வருக்குள் ஆளுக்கொரு டைரக்டரி, அவரவர் கடிதங்கள் கிடக்கும் வீடு மாதிரி. புதிதாக வரும் கடிதம் அதற்குள் 'நியூ'வில் விழும். திறந்து படித்தால் 'கர்' என்ற பக்கத்து அறைக்குப் போகும். டைரக்டரியை உண்டாக்கும்போது அது என் பெயரில் இருக்கும்; உடனே உரியவர் பெயருக்கு மாற்றவேண்டும், இல்லாவிட்டால் கடிதம் உள்ளே போகாது. "வீட்டக் கட்டிட்டு சாவிய நீயே இடுப்புல செருகிக்கிட்டா, அவன் எப்பிடிடா குடி வருவான்?" என்பாய்.

அன்று ஏற்றுமதிப் பிரிவுக்கு ஆறு பெட்டிகள் திறந்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று, பெயர் மாற்றாமலே எழும்பி ஓடினேன். இரண்டு நாள் அவர்களுக்கு ஒரு கடிதமும் வரவில்லை. பெரிய ஓடர் ஒன்று கைநழுவியது. யார் செய்த வேலை என்று கூட்டத்தில் மனேஜர் கேட்டார். நான் குனிந்து எதையோ எழுதுவதுபோல் பாவனை செய்தேன்.

"நான்தான் சேர், மறந்துட்டேன்" என்றாய் நீ. உனக்கு வரவிருந்த பதவி உயர்வு அதோடு நின்றது.

"சும்மா கெட. ஒனக்கு இன்னும் நியமனக் கடுதாசி வரல, வேலயே போயிரும்" என்றாய் ரயிலில். அதன் பிறகு உன் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு வேறு பெட்டியில் ஏறினேன். ஒரு வெள்ளிக்கிழமை உனக்கு மெயில் எழுதினேன்: பிழை என்னுடையது, திங்கட்கிழமை நானே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் நெஞ்சு நின்றுவிட்டது. திங்கட்கிழமை உன் மரண வீட்டுக்கு வந்தேன். மனேஜரிடம் சொல்லவில்லை.

அதை நீ படித்தாயா? சேர்வரில் நான் ஒரு வரி தட்டியிருந்தால் எந்த அறையில் கிடக்கிறதென்று தெரிந்திருக்கும். பயந்துகொண்டு பார்க்காமல் இருந்தேன்.

நேற்றுப் பார்த்தேன். நீ போன பிறகு வந்த கடிதங்களோடு சேர்ந்து, என்னுடையது திறக்கப்படாமல் 'நியூ'வில்தான் கிடந்தது.

அழுதேன், மறைக்கவில்லை. பிறகு மனேஜரின் அறைக்குப் போனேன். "சேர், அந்த ஆறு பெட்டி விசயத்துல பிழை விட்டது நான். அவன் இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அத எல்லாரும் மறந்துட்டாங்களே."

"நான் மறக்கல சேர்."

உன் பெயரில் கிடந்த பிழையை என் பெயருக்கு மாற்றிய பிறகுதான் உன் டைரக்டரியை அழித்தேன். மற்றப் பெட்டிகளையெல்லாம் உரியவர் பெயருக்கு மாற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம் அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் எழும்பினேன். ரயில் போய்விட்டிருந்தது. போகட்டும் என்று அடுத்ததற்குக் காத்திருந்தேன்.