உன் பெயரை வானொலி வாசித்த நாள்

அக்கா,

நேற்றுக் காலை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அந்தப் பாட்டு வந்துவிட்டது. உன் மகள் சென்னையிலிருந்து வந்தபோது வாங்கி வைத்துவிட்டுப்போன கம்ப்யூட்டரில், இன்டர்நெட் ரேடியோவில். எங்கோ குளிர்தேசத்தில் குடியேறிவிட்ட அக்கரைத் தமிழர்கள் நடத்தும் நிலையம் அது. பழைய சினிமாப் பாட்டுகளும் நம் காலத்து சிலோன் பொப் பாட்டுகளும் நாள் முழுக்க ஓடுகின்றன. நீ கார்டு எழுதிக் கேட்ட அந்தப் பொப் பாட்டு, துளி இரைச்சல் இல்லாமல், பக்கத்து அறையில் யாரோ பாடுவதுபோல வந்தது. எழுந்துபோய் நிறுத்தக் கை வரவில்லை.

கடலாடிப் பக்கத்து நம் ஊரில் மற்ற நிலையங்களைவிடக் கடலுக்கு அக்கரையிலுள்ள சிலோன் நிலையம்தான் தெளிவாக எடுக்கும். டிரான்சிஸ்டரை வேப்பங்கிளையில் மாட்டிவிட்டு, களத்தில் காயும் மிளகாய் வத்தலைப் பொறுக்கிக்கொண்டிருப்பாய். பொப் பாட்டு வந்தால் உன் இடுப்பு சும்மா இருக்காது. அய்யாவின் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் அடங்கும். அவர் பாட்டைக் குறை சொன்னதில்லை. பேட்டரி தீர்கிறது என்றுதான் முணுமுணுப்பார். நேயர் விருப்பத்துக்கு எத்தனையோ கார்டு எழுதிப் போட்டாய். நம் பெயர் வந்ததே இல்லை. "நம்ம கார்டெல்லாம் கடல்ல விழுந்துருதுடி" என்று சிரிப்பாய்.

திருவாடானைப் பக்கம் உன்னைக் கட்டிக்கொடுத்த வீட்டில் ரேடியோ கிடையாது. தலைப்பிரசவத்துக்கு வந்த அன்று, பையைக் கீழே வைக்கும் முன்பே டிரான்சிஸ்டர் எங்கே என்று கேட்டாய். அந்த நாட்களில் ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் இன்னொரு கார்டு போட்டிருக்கிறாய்.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிழைத்தது. உனக்கு ரத்தம் நிற்கவில்லை.

உன் காரியமெல்லாம் முடிந்து வீடு வெறிச்சென்று கிடந்த ஒரு முற்பகல். அம்மாவின் மடியில் பிள்ளை வீறிட்டு அழுதது. சத்தம் கேட்டால் அடங்குமோ என்று நான் ரேடியோவைத் திருப்பினேன். நேயர் விருப்பம் போய்க்கொண்டிருந்தது. ஊர்ப்பெயர் வந்ததும் நிமிர்ந்தேன். அடுத்து உன் பெயர். பிறகு அய்யா, அம்மா, நான். கடைசியில் அந்த அறிவிப்பாளர், "இன்னும் பெயர் வைக்காத குட்டிப் பாப்பாவும் விரும்பிக் கேட்கிறார்கள்" என்று வாசித்துவிட்டு லேசாகச் சிரித்தார். பாட்டு தொடங்கியது. பிள்ளை அழுகையை நிறுத்தியது. வாசலில் செருப்பைக் கழற்றிய அய்யா அப்படியே நின்றார்.

அது முன்பே போட்ட கார்டு, இப்போதுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அம்மாவிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் ஒரே பிடியாக நின்றாள்.

"இல்லாதவ பேரையா வாசிப்பாக? அவ அக்கரையில இருக்கா."

ஆடி அமாவாசைக்கு அய்யா எங்களை ராமேஸ்வரத்துக்குக் கூட்டிப்போனார். அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார். அம்மா பிள்ளையோடு மணலில் நின்றபடி, கடலைப் பார்த்துச் சொன்னாள்: "இருக்கவளுக்கு எதுக்கு எள்ளும் தண்ணியும்? அங்கன இருந்து பாத்துக்கிட்டுல்ல இருப்பா."

அய்யா திரும்பி அவளையே பார்த்தார். பிறகு கையில் இருந்த எள்ளைத் தண்ணீரில் விடாமல், மடித்த இலையோடு கரையேறிவிட்டார். ஊர் திரும்பும் வழியில், ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் எங்களை உட்காரவைத்துவிட்டுப் போய் பேட்டரி வாங்கி வந்தார். அதன்பிறகு அந்த ரேடியோவில் பேட்டரி தீர அவர் விட்டதே இல்லை.

அம்மா தினமும் அந்த நேரத்துக்குப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போன பிறகும் தனியாக உட்கார்ந்தாள். அக்கரையில் சண்டை மூண்டு, ஒலிபரப்பு மங்கி, வெறும் இரைச்சலாக ஆன காலத்திலும் அந்த இரைச்சலில் காதை வைத்துக் கேட்டாள். எனக்கு எல்லாம் தெரியும், அக்கா. ஆஸ்பத்திரியில் உன் கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தானே. ஆனாலும் அந்த நேரத்தில் அடுப்படியில் ஒரு பாத்திரம் உருளாமல் பார்த்துக்கொண்டேன். அம்மா போன பிறகும் கொஞ்சகாலம் அப்படித்தான்.

நேற்று உன் மகள் போனில் பேசினாள். பாட்டு வந்ததைச் சொன்னேன். பிறகு, "எங்கம்மா குரல் எப்படி இருக்கும் சின்னம்மா?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டதில்லை. அடுப்பில் பால் இருக்கிறது, பிறகு பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

உன் சிரிப்பு கண்ணுக்குள் நிற்கிறது. நீ சொன்னதெல்லாம் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. குரல்தான் வரமாட்டேன் என்கிறது. எவ்வளவு முயன்றாலும் என் காதில் விழுவது, ஒருநாளும் உன்னைப் பார்த்திராத அந்த மனிதர் அக்கரைத் தமிழில் நிறுத்தி நிதானமாக உன் பெயரைச் சொன்ன குரல். மனசுக்குள் உன்னைக் கூப்பிடும்போது எனக்கும் அந்தக் குரல்தான் வருகிறது.