பதிவேட்டில் போட்ட பதின்மூன்று ஊசிகள்

12.10.2006, வியாழன்
இன்றும் ஓடத்துறையில் ஆமிக்காரன் மறித்துவிட்டான். சுனாமி நிவாரணத்தில் கிடைத்த ஊசிமருந்து ஐஸ் பெட்டியை மடியில் வைத்து மூன்று மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பினேன். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், ஒன்பது மாதம் முடிந்த பதின்மூன்று பிள்ளைகளுக்குச் சின்னமுத்து அம்மை ஊசி போடக் கிடக்கிறது. மருத்துவிச்சி நான் இந்தப் பக்கம்.

31.10.2006
"உங்கட பிரிவில மட்டும் ஊசிக் கணக்கு ஏன் விழுந்து கிடக்கு?" மாதக் கூட்டத்தில் டொக்டர் எல்லோருக்கும் முன்னால் கேட்டார். துறை பூட்டு என்றேன். ஒவ்வொரு மாதமும் இதே கதைதானா என்றார்.

பதிவேட்டில் பதின்மூன்று பேருக்கும் 'போட்டது' என்று எழுதிவிட்டேன். துறை திறந்ததும் முதல் வேலை அதுதான். சத்தியமாக.

24.11.2006
திறக்கவில்லை. எங்கள் பிரிவு தொண்ணூற்றெட்டு வீதமாம். கைதட்டினார்கள்.

18.03.2007
கரடியனாற்றுப் பக்கம் ஷெல்லடி. சனம் உடுத்த உடுப்போடு வாவி கடந்து வந்திருக்கிறது. பள்ளிக்கூட முகாமில் யசோதினி, இடுப்பில் நிதுர்ஷன் — என் பதின்மூன்றில் ஒருவன்.

"கிளினிக் கொப்பியும் வீட்டோட போயிற்று மிஸ். எந்த ஊசி எதுக்குப் போட்டதெண்டு எனக்குத் தெரியாது. இவனுக்கு இன்னும் ஊசி கிடக்கா? உங்கட புத்தகத்தில பாருங்க."

பக்கத்தில் டொக்டர் நின்றார். எல்லாம் போட்டாச்சு என்றேன். என்ன வாய் இது?

27.03.2007
முகாமில் சின்னமுத்து. மருந்து குறைவு, பதிவேட்டில் 'போட்டது' என்று இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும் போடச் சொல்லிவிட்டார் டொக்டர். ஒளித்துப் போடலாமா? என் பதின்மூன்றில் எட்டுப் பிள்ளைகள் இங்கே. மற்ற ஐந்தும் எந்த முகாமிலோ, என் எழுத்தை நம்பி வேறு மருத்துவிச்சிகள் அவர்களைத் தாண்டிப் போவார்கள். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் — சொல்லவும் ஏலாது, மெல்லவும் ஏலாது.

28.03.2007
சொன்னேன். டொக்டர் பதிவேட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "பேரெல்லாம் எழுதித் தாங்க" என்றார்.

30.03.2007
பன்னிரண்டு பேரையும் தேடிப் போட்டாயிற்று. நிதுர்ஷனுக்குப் பிந்திவிட்டது. உடம்பெல்லாம் முத்து, காய்ச்சல் கொதிக்குது. கூடார வாசலில் யசோதினி வேப்பங்குழை செருகியிருந்தாள்.

"அம்மாள் பார்த்திருக்கா மிஸ். நீங்க ஊசி போட்டபடியாத்தான் இந்தளவோட நிக்குது."

இந்த ஊசியை நான் போடவேயில்லை என்றேன். அவள் ஏசவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஏசியிருக்கலாம்.

09.04.2007
நிதுர்ஷனுக்குக் காய்ச்சல் விட்டது. சின்னமுத்து கண்ணைப் பாதிக்கவில்லையாம். அழுதேன்.

19.07.2007
சனம் ஊர் திரும்பிய பிறகு முதல் கிளினிக். வேலை போகவில்லை, எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். ஒன்றரை வயது ஊசிக்கு யசோதினி நிதுர்ஷனைக் கொண்டுவந்தாள். என்னை விட்டால் இங்கே வேறு ஆளில்லை. மருந்தை இழுக்கும்போதும் குத்தும்போதும் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். புதுக் கொப்பியில் எழுதக் குனிந்தேன்.

"பேனையத் தாங்க மிஸ்" என்று வாங்கித் தேதியைத் தானே எழுதினாள். பிறகு என் பதிவேட்டையும் தன் பக்கம் இழுத்தாள். விட்டுவிட்டேன்.