உன் கட்டத்துக்குக் கீழே மூன்று பேர்

மக்கா,

இன்று காலை பஸ்ஸில் ஒருவர் ரப்பர் ஷீட்டுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் புளித்த வாடை! எந்தச் சோப்புக்கும் அடங்காமல் உன் சட்டையில் ஒட்டிக்கொண்டே வந்த அதே வாடை. விடியற்காலை வெள்ளறடையில் ரப்பர் பால் எடுத்து உறைய வைத்துவிட்டு, லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு நெய்யாற்றின்கரை ஆபீசுக்கு ஓடி வருவாய். யாராவது மூக்கைப் பொத்தினால், "இந்த நாத்தமாக்கும் எனக்க வீட்டுக்குக் கூரெ போட்டது" என்பாய். உன் பதினாறாம் நாள் காரியம் கழிந்து சில நாள்தான் ஆகிறது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நாம் செய்த வேலையை வீட்டில் யாருக்கும் விளங்க வைக்க முடிந்ததில்லை. ஒரு நிறுவனத்தில் யாருக்குக் கீழே யார் என்பதை இணையப் பக்கத்தில் படமாக வரைந்து காட்டும் மென்பொருள். ஆளுக்கு ஒரு கட்டம், கட்டங்களை இணைக்கக் கோடு. விவரமெல்லாம் எக்ஸ்எம்எல் கோப்பாக வரும். மேலதிகாரியின் டேக், அதாவது அடைப்புக்குறி, திறந்து மூடுவதற்குள் அவருக்குக் கீழுள்ளவர்கள், அவர்களுடைய டேக்குக்குள் அவர்களுக்குக் கீழுள்ளவர்கள். அண்டாவுக்குள் குடம், குடத்துக்குள் செம்பு. என் மனைவியிடம் இப்படிச் சொன்னபோது, "பாத்திரம் அடுக்கதுக்கா சம்பளம் தருவாவ?" என்று கேட்டாள். நீ அதை ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

முதலில் மேலிருந்துதான் வரைந்து பார்த்தோம். முதலாளியை நடுவில் வைத்து, மற்றவர்களை வரிசை வரிசையாக இறக்கினால், மூன்றாவது வரிசையிலேயே கட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. பாறசாலையில் காலை ரயில் ஏறுகிற கூட்டம் மாதிரி இருந்தது. நீ திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "எலே, கடைசி வரிசெல உள்ளவனுக்கு எம்புட்டு எடம் வேணும்னு மொதல்ல கேளு. அதெ கூட்டிக்கிட்டு மேலெ வா. மொதலாளி எங்க இருக்கணும்னு பெறவு பாப்போம்." அப்படியே எழுதினோம். அடியிலிருந்து அகலத்தைக் கூட்டிக்கொண்டே மேலே வந்ததும், முதலாளி தன்னால் நடுவில் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு நாம் குடித்த சாயாவுக்குத் தனி ருசி உண்டு.

வீடுகளுக்கு நர்ஸ்களை அனுப்பும் ஒரு நிறுவனம் அதை வாங்கியது. அங்கே ஒரு சூப்பர்வைசர் அம்மா வேலையை விட்டதும், ஆபீசில் இருந்தவர் அவர் பெயரைப் பட்டென்று அழித்துவிட்டார். அண்டாவைத் தூக்கினால் உள்ளே இருக்கும் குடம் மட்டும் தரையில் நிற்குமா? அந்த அம்மாவுக்குக் கீழிருந்த நர்ஸ்கள் அத்தனை பேரும் படத்திலிருந்து போய்விட்டார்கள். படத்தில் இல்லாதவருக்கு லாகின் கிடையாது, லீவு கேட்க ஆள் கிடையாது. கள்ளிக்காடு என்ற ஊரில் டியூட்டியில் இருந்த ஒரு பெண் நம்மைக் கூப்பிட்டு, "என்னெ வேலெயில இருந்து பிரிச்சு விட்டாச்சா சாரே? நான் என்ன தப்பு செய்தேன்?" என்று அழுதாள். நீ போனை என்னிடம் நீட்டினாய்.

பழைய கோப்பை மீட்டுக் கொடுத்துவிட்டு அன்றைக்கே ஒரு தடை போட்டாய். யாரை நீக்கப் போனாலும், 'இவருக்குக் கீழே உள்ளவர்கள் இனி யாரிடம்?' என்று திரை கேட்கும். பதில் தராமல் மேற்கொண்டு நகர விடாது. வாடிக்கையாளருக்கு எதற்கு இந்தத் தொல்லை என்று நம் மேனேஜர் சடைத்துக்கொண்டார். "ஒரு ஆளெ எடுக்கது தொல்லயாத்தான் இருக்கணும் சாரே" என்றாய்.

நம் ஆபீசுக்கும் அதே மென்பொருள்தானே. போன திங்கட்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, தலை நிமிராமல், "ஆ பேரு அங்கு களஞ்ஞேக்கு" என்றார். உன் பெயரை எடுத்துவிடச் சொல்கிறார். என் இடத்துக்கு வந்து உன் கட்டத்தின்மேல் அழுத்தினேன். நீ எழுதிய கேள்வி வந்து நின்றது. கீழே ஷீபா, பிஜு, அனிதா. வெள்ளறடைப் பக்கத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்ய நீ தேடிப் பிடித்து எடுத்த பிள்ளைகள்.

இவர்களை யாரிடம் மாற்ற என்று திரும்பப் போய்க் கேட்டேன். மற்ற டீம்காரர்கள் எல்லாரிடமும் கேட்டாகிவிட்டதாம். கைக்குழந்தைக்காரி, ரப்பர் வெட்டிவிட்டு வருகிறவன், அப்பாவின் டயாலிசிஸ் நாளில் லீவு கேட்கிறவள், ஒருவருக்கும் வேண்டாமாம். வெள்ளிக்கிழமைக்குள் யாரும் எடுக்காவிட்டால் அவர்களும் அதோடு போகட்டும் என்றார்.

எனக்கு மட்டும் எதற்குச் சுமை? நான் வேலையை விட்டு ஓயப் போகிறவன் என்பது உனக்குத் தெரியும். கண் எரிகிறது, கழுத்து திரும்பவில்லை, திரையைப் பார்த்தாலே குமட்டுகிறது. உன்னிடம்தான் முதலில் சொன்னேன். "நீ போ மக்கா, நான் பாத்துக்கிடுவேன்" என்றாய். அந்த வாக்கை நம்பித்தான் மாதக் கடைசியில் விடுவதாக எழுதிக் கொடுத்தேன். நீயோ முந்திக்கொண்டாய். ஒரு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி வாசல்வரை கூடத் தாங்கவில்லை. உன்னை நினைத்தால் அழுகை உண்டு. கோபம் அதைவிடக் கூடுதல் உண்டு. நன்றாகப் பார்த்துக்கொண்டாய் போ!

விஷயம் தெரிந்து வியாழக்கிழமை ஷீபா போன் செய்தாள். "அண்ணா, நான் வேற ஒண்ணும் கேக்கல்ல. திங்கக்கெழமெ லாகின் செய்யலாமா, வேண்டாமா? அதெ மட்டும் சொல்லுங்க. வேற வேலெ தேடணும்னா பிள்ளெயெ அம்மைட்ட விட்டுட்டு இண்ணைக்கே எறங்குவேன்." பின்னால் குழந்தை சிணுங்கும் சத்தம்.

"செய் மக்கா" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. வாயிலிருந்து வந்துவிட்டது. பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி என்னையே பார்த்தாள். "அப்போ ஓயப்போறேன்னு சொன்னது?" என்றாள். "அந்தச் சவத்துப் பேச்செ விடு" என்றேன்.

மறுநாள் ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, திரை கேட்ட கேள்விக்கு என் பெயரைக் கொடுத்தேன். படம் தன்னைத்தானே திருப்பி வரைந்துகொண்டது. மூன்று கட்டங்களும் எனக்குக் கீழே வந்து நின்றன. என் இடம் அகன்றது, மேனேஜர் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தார், கோடுகள் எல்லாம் நேராயின. நீ இருந்த இடத்தில் ஒரு விரற்கடை இடைவெளிகூட இல்லை. அப்படி இருக்கக்கூடாது என்பதற்காகத்தானே மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டோம். வேலை சுத்தம், மக்கா. பார்க்கத்தான் சகிக்கவில்லை.

இப்போது அனிதாவின் லீவு என்னிடம் வருகிறது. ஷீபா பேசும்போது குழந்தை உறங்கிவிட்டதா என்று நானும் கேட்கிறேன். கழுத்துவலி அப்படியேதான் இருக்கிறது. இந்த மூன்று பேரையும் இன்னும் எத்தனை காலம் சுமப்பேன் என்று தெரியாது.

நேற்று ஏதோ அவசரத்தில் கூப்பிட்ட பிஜு, எடுத்த எடுப்பில் உன் பெயரைச் சொல்லி, "அண்ணா, கேக்குதா?" என்றான். சட்டென்று அவன் பேச்சு நின்றுபோனது. திருத்துவதற்கு எனக்கு அலுப்பாக இருந்தது என்று வைத்துக்கொள்.

"கேக்குது, சொல்லுலே" என்றேன்.