கூலன்ட் சீலுக்குப் பொட்டு

வியாழன் இரவு. நாளை பௌர்ணமி.

கோபம் அடங்கவில்லை. எழுதினாலாவது அடங்குகிறதா பார்ப்போம்.

காரில் வாட்டர் பம்ப் ஓரமாக, இன்ஜின் சூடேறாமல் காக்கும் கூலன்ட் ஒழுகுகிறது. மாற்ற வேண்டியது ஒரே ஒரு ரப்பர் சீல். வளையல் மாதிரி ஒரு வளையம், அவ்வளவுதான். பழைய மாடலாம், ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. ஒரு கடைக்காரன் ஏதோ லாரி சீலை எடுத்து நீட்டி, "சைஸ் கொஞ்சம் ஜாஸ்தி, அழுத்தி வச்சா உக்காந்துக்கும்" என்கிறான். அவன் வண்டிக்கு வைப்பானா? கடைசியில் கீழ்பென்னாத்தூருக்கு பஸ்ஸில் போய், ஒரு பழைய கடையில் மிச்சமிருந்த ஒன்றை வாங்கி வந்தேன்.

மெக்கானிக் வருவதற்குள் குளித்துவிடலாம் என்று போனேன். எது புதிதாக வந்தாலும் அண்ணனுக்கு அதைச் சாமி முன்னால் காட்டியாக வேண்டும். டயருக்கும் பொட்டு, பேட்டரிக்கும் பொட்டு. இந்தச் சீலுக்கும் குங்குமம் வைத்து, கற்பூரத் தட்டிலேயே போட்டுக் கொளுத்தியிருக்கிறார். நான் வந்தபோது வீடெல்லாம் ரப்பர் நாற்றம். சீலில் பாதி கருகிப்போயிருந்தது.

"திருஷ்டி கழிஞ்சிச்சுனு நெனச்சுக்கடா" என்கிறார். பெரியவராகப் போய்விட்டார், திட்டவும் முடியாது. மெக்கானிக்குக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றேன்.

விடிந்தால் அப்பாவை டயாலிசிஸுக்கு வேலூர் கூட்டிப்போக வேண்டும். கிரிவலக் கூட்டத்தில் வாடகைக் கார் எங்கே கிடைக்கும்? பஸ்ஸில் அவரால் நிற்க முடியுமா?

உள்ளே படுத்திருந்த அப்பா கேட்டார்: "வண்டி ரெடியாயிடுச்சாப்பா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார்: "பூஜையே போட்டாச்சுப்பா."